உப்பு என்று பெயரிட்டது

அந்த ஆய்வகத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

சீடர் பெயர் அருள்தாஸ். தூத்துக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பாடம் நடத்தி நடத்தியே தலை நரைத்தவர். குரு நஃபீலா. ஒரு காலத்தில் அருள்தாஸின் வகுப்பில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டவர். பிறகு வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிவந்து, கடற்கரையை ஒட்டிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

மனைவி இறந்த பிறகு அருள்தாஸுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் நஃபீலாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"முனைவர் பட்டத்துக்கு என்னைச் சேத்துக்குவீங்களா?"

நஃபீலா எழுந்துவிட்டார். "என்ன சார் நீங்க. நீங்க வந்து என்கிட்டயா?"

"சொல்லிக் கொடுத்து அலுத்துப்போச்சு. கொஞ்சம் படிக்கலாம்னு பாக்கிறேன்."

அன்றைக்கே அவர் நஃபீலாவை 'டாக்டர்' என்று கூப்பிடத் தொடங்கினார். நஃபீலாவுக்கு அவர் பழையபடி 'சார்'தான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நஃபீலாவின் பெயரைச் சொன்னால் அந்தத் துறையில் உள்ளவர்கள் கூடவே ஒரு சொல்லைச் சொல்வார்கள். உப்பு.

உயிரணுவுக்குள் வேலை பார்ப்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு நீளச் சங்கிலி. அதில் தனக்கென்று ஒரு மடிப்பும் தனக்கென்று ஒரு வேலையும் உள்ள துண்டுகள் இருக்கும். அவற்றை டொமைன் என்பார்கள். ஒரு ரயிலின் பெட்டியைக் கழற்றி இன்னொரு ரயிலில் மாட்டுவதுபோல நுண்ணுயிர்கள் இந்தத் துண்டுகளைக் கோடிக்கணக்கான வருஷங்களாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று இரண்டாகும். வேண்டாதது தொலையும். வேறொரு உயிரிடமிருந்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். இருப்பதை வைத்துத்தான் இத்தனையும். அடியோடு புதிதாக ஒரு துண்டு பிறப்பது அபூர்வம்.

அந்த அபூர்வத்தைக் கண்டுபிடித்தவர் என்றுதான் நஃபீலாவுக்குப் பெயர். உப்பளத்துப் பாத்திகளில் செந்நிறமாகத் தேங்கிக் கிடக்கும் நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரை எடுத்து ஆராய்ந்தபோது, உலகில் வேறெதோடும் ஒட்டுறவு இல்லாத ஒரு டொமைன் அதில் இருப்பதைப் பார்த்தார். அப்போது அவருக்கு இளம் வயது. 'உப்பு' என்று பெயர் வைத்தார். டொமைன்களையெல்லாம் குடும்பம் குடும்பமாகத் தொகுத்துவைக்கும் உலகத் தரவுத்தளத்தில் அந்தத் தமிழ்ச் சொல் ஏறியது. வேலையும் விருதும் இந்த ஆய்வகமும் அதன் பின்னால் வந்தவை.

அது என்ன வேலை செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. உப்பு டொமைனை நீக்கிய நுண்ணுயிரை எவ்வளவு கடும் உப்புநீரில் போட்டாலும் அது பிழைத்துக்கொண்டது. உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அருள்தாஸ் எடுத்துக்கொண்ட ஆய்வு, அந்த டொமைன் எப்படிப் பிறந்தது என்பது.

ஆய்வேட்டை எழுதி முடிக்கப்போகிற சமயத்தில், ஒரு வரி எழுதுவதற்காக அவர் ஒரு கணினி நிரலை ஓட்டினார். புரதச் சங்கிலியின் கண்ணிகளை எழுத்துகளாகக் குறிப்பார்கள். அதுவரை எல்லோரும் ஒப்பிட்டது எழுத்துகளைத்தான். இந்த நிரல் எழுத்தைப் பார்க்காது. மடிந்த வடிவத்தை மட்டும் பார்க்கும். வடிவத்திலும் ஒப்புமை இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று இருந்தார்.

ஒப்புமை இருந்தது.

குளத்துச் சேற்றில் கிடக்கும் ஒரு சாதாரண நுண்ணுயிர். அதில் ஒரு பழைய டொமைன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுகூடச் சேரவில்லை என்று சொல்லலாம். ஆனால் மடிப்பு அதே மடிப்பு. உப்புநீரில் திரிந்துபோகாமல் இருக்க, உப்பளத்து டொமைன் தன் வெளிப்புறத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருந்த வளைவுகளை விடவே இல்லை.

அருள்தாஸ் மறுபடி ஓட்டினார். வேறு வழியில் ஓட்டினார். வேறு நுண்ணுயிர்களை வைத்து ஓட்டினார். பிறகு கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

வெயில் காலம் முழுக்க அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வருவார், உட்கார்ந்திருப்பார், போவார். ஆய்வேட்டில் ஒரு சொல்லும் கூடவில்லை. பேருந்தில் இருக்கை கிடைத்தால்கூட உட்காரத் தோன்றாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனசில் அப்படி ஓர் அசதி.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மெல்லத் தொடங்கிப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு டொமைன் அதோட எழுத்தையெல்லாம் மாத்திக்கிட்டா அது பழசா, புதுசா?"

நஃபீலா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "மடிப்பு மாறுச்சா?"

"மாறலை."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

அருள்தாஸ் மோரை ஊற்றிக்கொண்டார்.

"ஒழுங்கா தூங்குறீங்களா சார்?"

"தூங்குறேன்."

"பாத்தா அப்படித் தெரியலை."

பேச்சு அத்தோடு நின்றது.

ஆய்வகத்தில் சுடலைமணி என்று ஓர் இளைஞர் இருந்தார். பட்டம் முடித்துவிட்டு நிலையான வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவர். கெட்டிக்காரர். ஒருநாள் அருள்தாஸின் திரையில் அந்த இரண்டு வடிவங்களும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைப் பார்த்துவிட்டார். பார்த்தவுடனே புரிந்துகொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாதீங்க சார். உங்க ஆய்வேட்டுல இது இருக்கணும்னு சட்டமா? நீங்க எழுத்தை ஒப்பிட்டீங்க. ஒப்புமை இல்ல. அது பொய்யில்லையே. யாரு இதைத் தோண்டிப் பாக்கப்போறாவ?"

"யாராவது பாப்பாங்க."

"பாக்கட்டும். அப்ப அவங்க சொல்லட்டும். நாம ஏன் சொல்லணும்?"

சுடலைமணி சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது. அது அருள்தாஸுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் அவரை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நஃபீலாவுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. டொமைன்களின் பரிணாமம் பற்றிய பெரிய மாநாடு. தொடக்க உரை இவருடையது. பல்கலைக்கழகமே அதைப் பற்றிப் பேசியது. நஃபீலா மட்டும் கொஞ்சம் களைத்தே தெரிந்தார். அதே கதையை எத்தனை முறை சொல்வது என்று ஒருமுறை சொன்னார். சொன்னாலும் உரையைத் தயார் செய்தார். செய்த பிறகு, எப்போதும்போல, கணினியைத் தூக்கிக்கொண்டு அருள்தாஸின் மேசைக்கு வந்தார். கல்லூரி நாளிலிருந்து அவர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பவர் அருள்தாஸ்தான்.

"கொஞ்சம் பாத்துக் கொடுங்க சார்."

முதல் பக்கத்தில் தலைப்பு இருந்தது. 'எங்கிருந்தும் வராதது.'

அருள்தாஸ் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

"என்ன சார்?"

"இதுல ஒரு பிழை இருக்கு."

"எந்த எழுத்து?"

"எழுத்துப் பிழை இல்ல, டாக்டர்."

தன் திரையை நஃபீலாவின் பக்கம் திருப்பினார். உப்பு நீல நிறத்தில் இருந்தது. குளத்து டொமைன் மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஒன்று மற்றொன்றின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நஃபீலா குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நிறத்தை எடுங்க சார்."

அருள்தாஸ் இரண்டையும் சாம்பல் நிறமாக்கினார்.

"ரெண்டையும் பிரிச்சு வைங்க."

வைத்தார்.

நஃபீலா அவரிடமிருந்து மவுஸை வாங்கி, இரண்டு வடிவங்களையும் திருப்பினார், இடம் மாற்றினார், மறுபடி திருப்பினார். "இப்ப சொல்லுங்க. இதுல உப்பு எது?"

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியலை."

"எனக்கும் தெரியலை" என்றார் நஃபீலா.

வெளியே யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"எப்ப பாத்தீங்க?"

"வெயில் தொடங்குறப்போ."

"ஏன் சொல்லலை?"

"உங்களுக்கு முதல்ல பாடம் எடுத்தவன் நான். நீங்க கட்டுனதை நானே வந்து தட்டி விடணுமான்னு இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எனக்கும் பயம்தான். என் ஆய்வேடும் போயிருமே."

நஃபீலா தலையசைத்தார். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. பிறகு கேட்ட கேள்வியை அருள்தாஸ் எதிர்பார்க்கவில்லை.

"அந்தக் குளத்து உயிர்ல, இதுக்குப் பக்கத்துல என்ன மாட்டியிருக்கு?"

"பாக்கலை."

"இவ்வளவு நாளா வச்சிருக்கீங்க. பக்கத்துல இருக்கிறதைப் பாக்கலையா?"

"போனதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், டாக்டர்."

"பாப்போம்."

பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்த ஒரு டொமைன். ஒரு வால்வு. நுண்ணுயிரைச் சுற்றியுள்ள நீர் திடீரென்று நீர்த்துப்போனால், வெளிநீர் உள்ளே பாய்ந்து உயிரணு வெடிக்கும்வரை வீங்கும். அப்போது இந்த வால்வு திறந்து உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியேற்றும். வேறு சில நுண்ணுயிர்களையும் எடுத்துப் பார்த்தார்கள். எங்கெல்லாம் அந்தப் பழைய டொமைன் இருந்ததோ அங்கெல்லாம் பக்கத்தில் வால்வு இருந்தது. உப்பளத்து உயிரில் மட்டும் எப்போதோ இரண்டும் கழன்று வெவ்வேறு புரதங்களுக்குப் போயிருந்தன. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

"வால்வைப் பத்தி நீங்கதான் எங்களுக்கு நடத்துனீங்க" என்றார் நஃபீலா.

"ஞாபகம் இருக்கு."

"நாம எப்பவும் தண்ணியில உப்பைக் கூட்டிக் கூட்டிப் பாத்தோம்."

"ஆமா."

"குறைச்சுப் பாக்கவே இல்ல."

"ஏன் தோணலை?" என்றார் அருள்தாஸ். அதைத் தன்னைத்தானே கேட்பதுபோலக் கேட்டார்.

"உப்புன்னு பேரு வச்சாச்சே சார். பிறகு எப்படித் தோணும்?"

சோதனையைச் செய்தவர் சுடலைமணி. மனமில்லாமல்தான் செய்தார். ஆனால் ஒழுங்காகச் செய்தார். உப்பு டொமைன் உள்ள உயிர்களையும் அது நீக்கப்பட்ட உயிர்களையும் தனித்தனியே உப்புநீரில் விட்டு, மழைத் தண்ணீர் கலந்ததுபோல அதைச் சட்டென்று நீர்க்கச் செய்தார். மூவரும் மாறி மாறி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டொமைன் இருந்தவை வீங்கின, தாங்கின, மெல்லப் பழைய அளவுக்கு வந்தன. இல்லாதவை ஒவ்வொன்றாக உடைந்து மறைந்தன.

சுடலைமணி நிமிர்ந்தார். "மேடம், இது பெரிய கண்டுபிடிப்பு."

"ம்."

"மாநாடு முடியட்டும். உரையை அப்படியே கொடுத்திருங்க. திரும்பி வந்ததும் ரெண்டையும் சேத்து வெளியிடுவோம்."

"அங்க போய் என்ன பேச?"

"இருக்கிறதைத்தான்."

"எது இருக்கு? எங்கிருந்தும் வராத ஒண்ணா?"

சுடலைமணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் மனுப் போட்ட இடத்திலெல்லாம் உப்பைத்தான் எழுதியிருக்கேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காவ. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா?"

நஃபீலாவுக்கு அந்தக் கேள்வி வலித்தது என்பது அருள்தாஸுக்குத் தெரிந்தது.

"உங்க கண்ணால பாத்தீங்க இல்லையா மணி?"

"பாத்தேன்."

"நேர்காணல்ல அந்த டொமைனைப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சுடலைமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு வளர்ப்புக் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் ஒட்டி அடுக்கினார். அந்த மாதத்திலேயே வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். போகும்போது நஃபீலாவிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். சண்டை என்று எதுவும் இல்லை.

தரவுத்தளத்துக்கு நஃபீலா தானே எழுதினார். உப்பு என்னும் குடும்பத்தை நீக்கிவிட்டுப் பழைய குடும்பத்தோடு சேர்த்துவிடும்படி கேட்டார். காரணம் என்ன என்ற இடத்தில் ஒரே வரிதான்: 'தனிக் குடும்பம் அன்று, ஏற்கெனவே உள்ளதன் தூரத்து உறவு.' கண்டுபிடித்தவர் அருள்தாஸ் என்று சேர்த்தார். அருள்தாஸ் வேண்டாம் என்றார். நஃபீலா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மாநாட்டுக்காரர்களுக்கும் எழுதினார். உரையின் தலைப்பு இனிச் செல்லாது, வேறொன்று பேசுகிறேன் என்றார். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். தொடக்க உரைக்கு வேறொருவரை ஏற்பாடு செய்திருப்பதாகவும், நஃபீலா விரும்பினால் பார்வையாளராக வரலாம் என்றும் அதில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள் பிற்பகலில் அருள்தாஸ் தரவுத்தளத்தைத் திறந்து 'உப்பு' என்று தட்டினார். அப்படி ஒரு குடும்பம் இப்போது இல்லை, பழைய குடும்பத்தைப் பார்க்கவும் என்று வந்தது. அந்தச் சொல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

நஃபீலா உள்ளே வந்து எதிர் நாற்காலியில் சாய்ந்தார். துப்பட்டாவின் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"பாத்தேன்."

இருவரும் மின்சாரம் வருவதற்குக் காத்திருந்தார்கள். வரவில்லை.

"டாக்டர், ஆய்வேட்டை முதல்லேருந்து எழுதணும்" என்றார் அருள்தாஸ். "எனக்குத் தெம்பில்ல. உண்மையாத்தான் சொல்லுதேன். படி ஏறுனாலே மூச்சு வாங்குது."

"எனக்கும் இல்ல சார்."

"உங்களுக்கு அப்படி என்ன வயசாயிருச்சு."

"அசதிக்கு வயசு இருக்கா?"

அருள்தாஸ் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். பிறகு வெகுநாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"நீங்க வச்ச பேரு போச்சு. மாநாடு போச்சு. மணியும் போயிட்டான். உங்க இடத்துல நான் இருந்தா நாளைக்கு எழுந்து இங்க வருவேனான்னு தெரியலை. நீங்க வருவீங்க. எதைப் பிடிச்சுக்கிட்டு வருவீங்க?"

நஃபீலா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று அருள்தாஸ் நினைத்தார்.

"சார், ஐப்பசி கார்த்திகையில உப்பளம் எப்படி இருக்கும்?"

"அப்ப அங்க என்ன இருக்கு? மழையில உப்பெடுப்பு கிடையாது. பாத்தியெல்லாம் மூழ்கிக் கிடக்கும். யாரும் போக மாட்டாங்க."

"நம்ம டொமைனுக்கு வேலையே அந்த மழையிலதான். நானும் போனதில்ல சார்" என்றார் நஃபீலா. "ஒரு தடவைகூட."